அவுட்போர்டு எஞ்சினில் மரை போனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீரோடியோடு தமிழ்நாட்டுக் கடற்கரை முடிந்து பொழியூரில் கேரளம் தொடங்குகிறது. நடுவில் வேலி எதுவும் கிடையாது. வள்ளமும் ஒன்றுதான், அதன் வெளிப்புறத்தில் அவுட்போர்டு எஞ்சினாகத் தொங்கும் யமஹாவும் சுசூகியும் ஒன்றுதான். இந்த ஓரத்தில் எஞ்சின் பழுது பார்க்கிற எனக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே சந்தேகங்கள் வருகின்றன. ஆனி, ஆடியில் கடல் அடித்து வள்ளங்கள் கரையில் கிடக்கும்போது இன்னும் அதிகம். திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே எழுதி வைக்கிறேன்.

"மரை போச்சுங்கிறாங்க, பிரி போச்சுங்கிறாங்க. ரெண்டும் ஒண்ணுதானா அண்ணே?"

ஒன்றுதான். கிழக்கே மரை, பொழியூர்க்காரர்களுக்குப் பிரி. புத்தி தடுமாறியவனைச் சொல்வதற்கும் இரண்டு பக்கமும் இதே சொல்லைத்தான் எடுக்கிறார்கள்: இங்கே மரை கழண்டவன், அங்கே பிரி இளகியவன்.

போல்ட்டின் மேல் ஓடுகிற சுருள் வரியும் ஓட்டைக்குள் ஓடுகிற சுருள் வரியும் ஒன்றையொன்று கவ்வுவதால்தான் பிடிப்பு வருகிறது. அந்த வரிதான் மரை. அவுட்போர்டில் போல்ட் எஃகு, ஓட்டை இருக்கும் வார்ப்பு அலுமினியம். இரண்டில் அலுமினியம் மென்மை என்பதால் தோற்பது பெரும்பாலும் ஓட்டைதான். போல்ட்டை மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று புது போல்ட்டோடு வருகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

"போன தடவை நல்லாத்தானே இறுகிச்சு? இப்போ மட்டும் ஏன் சும்மா சுத்துது?"

போன தடவை என்பது எத்தனை வருஷத்துக்கு முன்னால் என்று பாருங்கள். எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் புகுந்தால் அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்யும். அந்த பேட்டரியில் தின்னப்படுவது அலுமினியம். தின்றதன் மிச்சம்தான் போல்ட்டைச் சுற்றி நீங்கள் பார்க்கிற வெள்ளைப் பொடி. ஸ்டெயின்லஸ் போல்ட் என்றால் இந்தச் சேதம் இன்னும் வேகமாக நடக்கும். துருப்பிடிக்காத போல்ட் போட்டேனே என்று பெருமைப்படுகிறவர்கள் அது துருப்பிடிக்காததற்கு விலை கொடுப்பது யார் என்று யோசிப்பதில்லை.

வெள்ளைப் பொடி, தின்னப்பட்ட அலுமினியத்தை விட அதிக இடம் பிடிக்கும். அதனால் போல்ட் இறுகிப் பூட்டிக்கொள்கிறது. பெரிய ஸ்பானர் போட்டு முறுக்கிக் கழற்றும்போது அலுமினிய வரிகளைப் போல்ட் தன்னோடு அறுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. மரை தெறித்தது கழற்றிய அன்றுதான். மாட்டுகிற அன்று நமக்குத் தெரியவருகிறது, அவ்வளவே.

"போல்ட் போச்சா, ஓட்டை போச்சா? எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

வெளியே வந்த போல்ட்டைப் பாருங்கள். வரிகளுக்கு நடுவே வெள்ளிச் சுருள் மாதிரி அலுமினியம் சுற்றியிருந்தால் ஓட்டை போய்விட்டது. சந்தேகமாக இருந்தால் அதே அளவில் புது போல்ட் ஒன்றைக் கையாலேயே திருகி, ஆட்டிப் பாருங்கள். ஓட்டை நன்றாக இருந்தால் ஆட்டம் மிகக் குறைவு. தலை இங்கும் அங்கும் சாய்ந்தால் காரியம் முடிந்தது.

இன்னொரு நிலையும் உண்டு. மேலே இருக்கும் இரண்டு மூன்று வரி மட்டும் நசுங்கியிருக்கும், கீழே நன்றாக இருக்கும். போல்ட்டைக் கோணலாக நுழைத்ததால் வருவது இது. அதே அளவு டேப்பை, அதாவது மரை வெட்டும் கருவியை, எண்ணெய் போட்டு மெதுவாக இறக்கி எடுத்தால் வரி சீராகிவிடும், வேறு வேலை தேவையில்லை. ஓட்டைக்கு ஆழம் இருந்து, பழைய போல்ட் அடிவரை எட்டவில்லை என்றால் கொஞ்சம் நீளமான போல்ட்டே போதும். ஆனால் அது அடியில் முட்டக் கூடாது. முட்டிய போல்ட் இறுகின மாதிரி காட்டும், மூடியைப் பிடிக்காது.

"பத்து ஸ்பானர்ல கழட்டினேன். அப்போ பத்து எம்.எம். போல்ட்டுதானே வாங்கணும்?"

இல்லை. ஸ்பானர் அளவு தலையின் அளவு, போல்ட்டின் அளவு வேறு. ஜப்பான் எஞ்சின்களில் 10 ஸ்பானர் தலைக்குக் கீழே இருப்பது 6 மி.மீ. போல்ட். 12 ஸ்பானருக்கு 8 மி.மீ., 14 ஸ்பானருக்கு 10 மி.மீ. ஹார்டுவேர் கடைப் போல்ட்டில் 8 மி.மீ.க்கு 13 ஸ்பானரும் 10 மி.மீ.க்கு 17 ஸ்பானரும் வரும்.

இதில் பெரிய கண்ணி வரி இடைவெளி, அதாவது பிட்ச். 6 மி.மீ.க்கு 1, 8 மி.மீ.க்கு 1.25 என்பதில் குழப்பம் வராது. 10 மி.மீ.யில்தான் வம்பு: ஜப்பான் எஞ்சினில் பெரும்பாலும் 1.25 பிட்ச் இருக்கும், மார்த்தாண்டத்திலோ களியக்காவிளையிலோ கடையில் 10 மி.மீ. போல்ட் என்று கேட்டால் 1.5 பிட்ச் தருவார்கள். இரண்டு சுற்று கையால் போகும், பிறகு இறுகும். "நல்லா டைட்டா இருக்கு" என்று ஸ்பானர் போட்டால் ஓட்டைக்குள் இருக்கும் அத்தனை வரியும் போய்விடும். என்னிடம் வரும் 10 மி.மீ. ஓட்டைகளில் கணிசமானவை உப்பால் போனவை அல்ல, இப்படிப் போனவை. பழைய போல்ட்டையும் புதுசையும் முதுகோடு முதுகு வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். வரிகள் ஒன்றில் ஒன்று இடைவெளியில்லாமல் பொருந்த வேண்டும்.

"ஒரு சைஸ் பெருசா டேப் அடிச்சிட்டா தீர்ந்திச்சே. எதுக்கு இவ்வளவு பாடு?"

சில இடத்தில் தீரும். பல இடத்தில் தீராது. ஓட்டையைச் சுற்றியிருக்கும் உலோகத்தை நாங்கள் சதை என்போம். 6 மி.மீ. ஓட்டையை 8 மி.மீ. ஆக்கினால் சதை குறைகிறது. சுற்றி தாராளமாக இருக்கும் பிராக்கெட் என்றால் பரவாயில்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பாதையின் விளிம்பில் இருக்கும் ஓட்டை என்றால் சுவர் மெலிந்து விரிசல் விடும். மூடியின் ஓட்டையையும் பெருசாக்க வேண்டும், இடையில் கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கட்டையும் வெட்ட வேண்டும். அடுத்த தடவை அதுவும் போனால் 10 மி.மீ.க்கு அங்கே சதையே மிச்சமிருக்காது.

எஞ்சின் வேலையில் நான் பிடித்துக்கொண்டிருக்கும் கணக்கு இதுதான்: போல்ட்டை வாங்கலாம், காயிலை (கெட்ட ஓட்டைக்குள் இறக்கும் கம்பிச் சுருள், பின்னால் வருகிறது) வாங்கலாம், சதையை வாங்க முடியாது.

"எம்-சீல் போட்டு அடைச்சு, காய்ஞ்ச பிறகு போல்ட்டைத் திருகினா நிக்காதா?"

மேல்மூடிக்குள் வயரைப் பிடிக்கும் கிளிப்புக்கு நிற்கும். சூடும் அழுத்தமும் உள்ள எந்த இடத்திலும் நிற்காது. கெடுதல் என்னவென்றால், பிறகு நான் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். அதற்குக் கூலி உங்களிடம்தான் வாங்குவேன்.

"காயில் போடுறதுன்னா என்னவாக்கும்? ஸ்பிரிங் மாதிரி ஒரு கம்பி எஞ்சினைத் தாங்குமா?"

ஹெலிகாயில் என்று கேட்டால் கடையில் தருவார்கள். வைர வடிவக் குறுக்குவெட்டு உள்ள ஸ்டெயின்லஸ் கம்பியைச் சுருளாகச் சுற்றியிருப்பார்கள். கெட்டுப்போன ஓட்டையைச் சற்றே பெரிதாகத் துளைத்து, அதற்கென்றே உள்ள டேப்பால் புது மரை வெட்டி, அதற்குள் இந்தச் சுருளைத் திருகி இறக்க வேண்டும். சுருளின் வெளிப்புறம் அலுமினியத்தில் உட்காரும். உட்புறம் பழைய அளவிலேயே மரையாக நிற்கும். அதே போல்ட், அதே மூடி, அதே கேஸ்கட். சதையும் அதிகம் போகாது.

தாங்குமா என்றால், பழைய மரையை விட நன்றாகவே தாங்கும். சுருள் வெளியே இருக்கும்போது ஓட்டையை விடச் சற்றுப் பெரியது, உள்ளே போனதும் விரியப் பார்த்து இறுகிக்கொள்ளும். சாதாரண மரையில் முதல் மூன்று நான்கு வரிதான் பெரும்பாரத்தைச் சுமக்கும். சுருளோ கொஞ்சம் இடம் கொடுத்து பாரத்தை எல்லா வரிக்கும் பங்கிடும். விமானங்களின் அலுமினியப் பாகங்களில் புதிதாகச் செய்யும்போதே இதைப் போட்டு அனுப்புகிறார்கள். ஒட்டுவேலை என்று முகம் சுளிக்க வேண்டாம்.

"அப்போ நானே போட்டுக்கலாமா? என்னென்ன வேணும்?"

கை பதறாதவர் என்றால் போடலாம். 6, 8, 10 மி.மீ.க்குத் தனித்தனி கிட் வரும்: துளைக்கும் பிட், மரை வெட்டும் டேப், சுருளை இறக்கும் கருவி, கொஞ்சம் சுருள்கள். 10 மி.மீ. கிட் வாங்கும்போது பிட்ச் பார்த்து வாங்குங்கள், மேலே சொன்ன காரணம்தான். பிட் அளவு 6க்கு 6.3, 8க்கு 8.3 அல்லது 8.4, கிட்டிலேயே எழுதியிருக்கும். சுருளின் நீளம் போல்ட் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும், இடம் இருந்தால் இரண்டு மடங்கு.

முதல் வேலை, எரிபொருள் டேங்கையும் குழாயையும் கழற்றித் தள்ளி வைப்பது. அடுத்து, ஓட்டையின் ஆழத்தை ஒரு குச்சியால் அளந்து பிட்டில் ஒட்டும் டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். ஆரம்ப காலத்தில் இதை விட்டுவிட்டு ஒரு 40 எச்.பி. எஞ்சினில் துளைத்தேன். பிட் சடாரென்று உள்ளே இறங்கி, தண்ணீர்ப் பாதையில் போய் நின்றது. ஆர்கான் வெல்டிங் வைத்துச் சரிசெய்து கொடுக்கும்வரை அந்த வள்ளக்காரர் தினமும் வந்து என் முன்னால் பேசாமல் உட்கார்ந்திருப்பார். திட்டியிருந்தால்கூட தேவலை. துளைக்கும்போது எண்ணெய்க்கு எங்கும் அலைய வேண்டாம், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெயை விட நல்லது கிடையாது, அது உங்கள் வள்ளத்திலேயே இருக்கிறது. பெட்ரோல் கலக்காததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மரை வெட்டும் டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் தடவினால் வெட்டுப்படும் சிம்புகள் அதில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. அலுமினியச் சிம்பைக் காந்தம் பிடிக்காது, ஆகவே விழவிட்ட பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

சுருளை மேல்மட்டத்துக்குக் கால் முதல் அரைச் சுற்று கீழே இறக்குங்கள். அடியில் குறுக்கே ஒரு சின்ன நாக்கு இருக்கும். அதைப் பஞ்ச் வைத்து ஒரே தட்டில் உடைத்து, வெளியே எடுத்துவிட வேண்டும். அப்புறம் ஓட்டைக்குள் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்கக் கூடாது. அடி மூடிய ஓட்டையில் திரவத்தை வைத்துக்கொண்டு போல்ட்டை இறுக்கினால் அதற்குப் போக இடமில்லாமல் வார்ப்பையே பிளந்துவிடும்.

"துளைச்சதில கொஞ்சம் கோணிப் போச்சு மாமா. போல்ட்டு உக்காருது, ஆனா தலை ஒரு பக்கமா தூக்கி நிக்குது."

அப்படியே இறுக்கினால் தலை ஒரு ஓரத்தில் மட்டும் அழுத்தும், மூடி கசியும், சில நாளில் போல்ட் கழுத்தில் முறியும். வாஷர் வைத்துச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம். கோணல் ஓட்டையை நேராக்க மறுபடி பெரிதாகத் துளைக்கத்தான் வேண்டும். பின்னால் வரும் புஷ் (உள்ளும் புறமும் மரை உள்ள குழாய்) பதிலைப் பாருங்கள்.

அடுத்த தடவைக்கு ஒரு வழி. மூடியையே வழிகாட்டியாக வையுங்கள். மற்ற போல்ட்டுகளால் மூடியை அதன் இடத்தில் மாட்டிவிட்டு, மூடியின் ஓட்டைக்குள் சரியாக நுழைகிற சின்னக் குழாய் ஒன்றை லேத்தில் கடைந்து வாங்குங்கள். குழாயின் நடுத் துளை வழியாகச் சின்ன பிட்டை முதலில் விட்டு மையத்தைப் பிடித்துக்கொண்டால், பெரிய பிட் அந்த வழியிலேயே போகும். குழித்துறைப் பக்கம் எந்த லேத் பட்டறையிலும் பத்து நிமிஷ வேலை.

"மரை போகலை, போல்ட்டே உள்ள முறிஞ்சு போச்சு. இதுக்கு என்ன வழி?"

கொஞ்சமாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதிர்ஷ்டம். துருவிளக்கி ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். பிறகு போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள். அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் பிடி தளரும். எச்சரிக்கை என்னவென்றால் அலுமினியம் உருகுவதற்கு முன் சிவந்து காட்டாது, அப்படியே சரிந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் சுரீரென்று காய்ந்தால் சூடு போதும். சொட்டு உருண்டு ஓடினால் அதிகம்.

நான் அதிகம் நம்புவது நட் வெல்டிங். முறிந்த முனை மேல் ஒரு நட்டை வைத்து நடுவில் வெல்டிங் நிரப்ப வேண்டும். எஃகு ராடின் உருகல் அலுமினியத்தில் ஒட்டாது, போல்ட்டில் ஒட்டும். அந்தச் சூடே வெள்ளைப் பொடியின் பிடியை உடைத்துவிடும். ஆறியதும் முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்தால் வந்துவிடும். வெல்டிங்குக்கு முன், தீப்பொறிக்கு மின்சாரம் அனுப்பும் சி.டி.ஐ. பெட்டியின் இணைப்புகளையும், பேட்டரி இருந்தால் அதையும் கழற்ற மறக்க வேண்டாம். எர்த் கிளாம்ப்பைப் பக்கத்திலேயே மாட்டுங்கள்.

மட்டத்துக்குக் கீழே முறிந்திருந்தால் துளைத்துத்தான் எடுக்க வேண்டும். எஃகு கடினம், அலுமினியம் மென்மை என்பதால் பிட் எப்போதும் அலுமினியத்தின் பக்கமே நழுவப் பார்க்கும், இங்கேயும் மேலே சொன்ன குழாய் வழிதான். ஸ்டெயின்லஸ் என்றால் வேகத்தைக் குறைத்து அழுத்தத்தைக் கூட்டுங்கள். வேகமாக உரசினால் அந்த இடம் இன்னும் கெட்டியாகிவிடும். இடப்பக்கம் சுற்றும் பிட் கிடைத்தால் துளைக்கும்போதே சில சமயம் போல்ட் தானாகக் கழன்று வரும்.

"ஈசி அவுட் போட்டேன். அதுவும் உள்ள ஒடிஞ்சு போச்சு. என்ன செய்ய?"

ஸ்பானரைக் கீழே வையுங்கள். முறிந்த போல்ட்டுக்குள் திருகி அதை வெளியே எடுக்கும் ஈசி அவுட் கடின எஃகு, சாதாரண பிட் அதில் வழுக்கும். நீங்கள் செய்யச் செய்யச் சதைதான் போகும். ஸ்பார்க் எரோஷன் மெஷின் உள்ள டூல் ரூமுக்குக் கழற்றிக் கொண்டுபோனால் அதை மட்டும் அரித்து எடுத்துவிடுவார்கள்.

கழற்றிப் பாத்திரத்தில் முக்கக்கூடிய சின்னப் பாகம் என்றால் ஒரு பழைய வழி இருக்கிறது. நாட்டு மருந்துக் கடைப் படிகாரத்தைக் கரையும் மட்டும் வெந்நீரில் கரைத்து, பாகத்தை அதில் முக்கிச் சூடாகவே வைத்திருந்தால் படிகாரம் சாதா எஃகைக் கரைக்கும், அலுமினியத்தை விட்டுவிடும். நாள் கணக்கில் ஆகும், ஸ்டெயின்லஸில் பலிக்காது. எஃகுப் பகுதிகள் வேறு எதுவும் அந்தப் பாகத்தில் இருக்கக் கூடாது.

"பிளக் ஓட்டையில மரை தேஞ்சு பிளக்கு தெறிச்சு வருது. ஏன் எங்க எஞ்சினுக்கு மட்டும் இப்படி?"

உங்கள் எஞ்சினுக்கு மட்டும் அல்ல. மண்ணெண்ணெயில் ஓடுகிற எல்லா எஞ்சினுக்கும் இது உண்டு. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். மண்ணெண்ணெய் முழுக்க எரியாமல், தீப்பொறி போடும் பிளக்கில் கரி கட்டும். அதைச் சுரண்ட அடிக்கடி பிளக்கைக் கழற்றுகிறோம், அதுவும் நடுக்கடலில், எஞ்சின் கொதிக்கும்போது, அவசரத்தில் கோணலாக. எஃகுப் பிளக், அது உட்காரும் சிலிண்டர் மூடியான ஹெட் அலுமினியம். வருஷக்கணக்கில் நடந்தால் வேறென்ன ஆகும்?

பிளக் மரை பொதுவாக 14 மி.மீ., 1.25 பிட்ச். இதற்குக் கம்பிச் சுருளை விடக் கெட்டியான எஃகு புஷ் நல்லது, அடிக்கடி கழற்றுவதைத் தாங்கும். நீளம் சரியாக இருக்க வேண்டும். என்.ஜி.கே. பிளக்கில் எண்ணுக்குப் பின் எச் என்றிருந்தால் மரை நீளம் 12.7 மி.மீ., ஈ என்றிருந்தால் 19 மி.மீ. புஷ் நீண்டு உள்ளே எட்டிப் பார்த்தால் அந்த முனை சூடேறித் தானாகத் தீமூட்டத் தொடங்கும்.

ஹெட்டைக் கழற்றாமல் போட முடியுமா என்று எல்லோரும் கேட்பார்கள். போடுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் போடுவதில்லை. டூ ஸ்ட்ரோக்கில் சிலிண்டர் சுவரிலேயே வாசல்கள் இருக்கின்றன, ஒரு சிம்பு உள்ளே விழுந்தால் பிஸ்டனும் சிலிண்டரும் கீறல் விழும். ஒரு கேஸ்கட் காசை மிச்சம் பிடிக்கப் போய் சிலிண்டரை இழக்க வேண்டுமா?

"ஹெட்டில ஒரே ஒரு போல்ட்டுதான் சேட்டா பிடிக்கலை. மத்தது எல்லாம் நல்லா இருக்கு. ஓட்டிப் பாக்கலாமா?"

வேண்டாம். ஒரு போல்ட் பிடிக்காத இடத்தில் கேஸ்கட் தூக்கும். எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் புகும், பக்கத்தில் பீச்சுகிற தண்ணீரில் குமிழ் கலந்து வரும், எஞ்சின் சூடேறும். ஹெட் ஓரத்தில் உப்புக் கோடு படிந்திருந்தால் கசிவு ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஹெட்டைக் கழற்றி, அந்த ஓட்டையோடு பக்கத்து ஓட்டைகளையும் சோதியுங்கள். ஒன்று போயிருந்தால் கூட இருப்பதும் அரைகுறைதான், எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் காயில் போட்டுவிடுவது லாபம். ஹெட் முகத்தைக் கண்ணாடி மேல் வைத்த உப்புத்தாளில் தேய்த்து மட்டம் பார்த்து, புதுக் கேஸ்கட் போட்டு, நடுவிலிருந்து வெளியே போகிற வரிசையில் இரண்டு தவணையாக இறுக்குங்கள்.

"கியர் ஆயில் விடுற போல்ட்டு வழுக்குது. டெஃப்லான் சுத்தி வச்சிருக்கேன், போதாதா?"

ஆயில் பால் மாதிரி வெளுக்கும் வரை போதும். வெளுத்துவிட்டால் உள்ளே கடல் தண்ணீர் வந்தாயிற்று, பேரிங்கும் கியரும் அரிக்கத் தொடங்கும். இது காயில் போட எளிதான இடம். ஆயிலை முழுக்க வடித்துவிட்டு, கிரீஸ் பூசிய டேப்பால் வெட்டி, பிறகு கொஞ்சம் புது ஆயிலை ஊற்றிக் கழுவி எடுங்கள். காயில் சுருளின் இடுக்கு வழியாக ஆயில் கசியலாம் என்பதால் வெளிப்பக்கம் லாக்டைட் என்ற மரைப் பசையைத் தடவி இறக்க வேண்டும். போல்ட்டுக்குப் புது வாஷர் கட்டாயம், கசிவைத் தடுப்பது மரை அல்ல, வாஷர்தான்.

"ஸ்டெயின்லஸும் அலுமினியமும் சேர்ந்தா ஆபத்துன்னு சொன்னீங்க. காயிலே ஸ்டெயின்லஸ்தானே?"

நல்ல கேள்வி. கடலோரத்தில் காயில் போடுவதில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். வெறும் காயிலை உலர்ந்த ஓட்டையில் இறக்கினால் இரண்டாவது பதிலில் சொன்ன பேட்டரி அங்கேயும் தொடங்கும். ஆகவே ஓட்டையைத் தின்னரால் கழுவி, காயவைத்து, காயிலின் வெளிப்பக்கத்தில் கெட்டி லாக்டைட்டோ மெரைன் சீலன்ட்டோ பூசி இறக்க வேண்டும். உப்புத் தண்ணீர் நுழைய இடமில்லாவிட்டால் பேட்டரியும் இல்லை. ஒரு நாள் இறுக விடுங்கள். உட்பக்கத்தில் ஒரு துளிகூடப் படக் கூடாது, பட்டால் போல்ட்டும் காயிலும் ஒரே உயிராகிவிடும்.

போல்ட்டுக்குப் பூசுவதிலும் ஒரு சங்கதி. சூடு தாங்கும் என்று தாமிரம் கலந்த கிரீஸையும் கிராபைட் கிரீஸையும் தடவுகிறார்கள். லாரிக்குச் சரி. அலுமினியமும் உப்பும் உள்ள இடத்தில் தாமிரமும் கிராபைட்டும் எஃகை விடக் கேடு. மெரைன் கிரீஸே போதும்.

"காயில் போட்ட இடமே திரும்பப் போச்சு. லேத்தில பித்தளை புஷ் கடைஞ்சு போடலாம்னு சொல்றாங்க."

புஷ் சரி, பித்தளை வேண்டாம். பித்தளையில் பெரும்பங்கு தாமிரம்தான், மேலே சொன்னதே. ஸ்டெயின்லஸில் கடையச் சொல்லுங்கள், வெளியேயும் உள்ளேயும் மரை, மேலே ஒரு சின்ன உதடு. லாக்டைட் போட்டு இறக்கி, விளிம்பில் ஒரு புள்ளி பஞ்ச் அடித்துவிட்டால் சுற்றாது. கோணலாகத் துளைத்த ஓட்டைக்கும் இதுதான் மருந்து. முதலில் பெரிதாக நேராகத் துளைத்துவிட்டுப் புஷ் போட வேண்டும்.

சுற்றிச் சதையே இல்லை என்றால் ஆர்கான் வெல்டிங்கில் நிரப்பி, புதிதாகத் துளைத்து மரை வெட்டுவதுதான் மிச்சம். வருஷக்கணக்கில் உப்பும் எண்ணெயும் குடித்த வார்ப்பு வெல்டிங்கில் நுரைக்கும், சொத்தையாக நிற்கும். மணிக்கணக்கில் சுத்தம் செய்து சூடாக்கிச் செய்கிற ஆளிடம் கொடுங்கள். அவசரக்காரரிடம் கொடுத்தால் முகம் வளைந்து திரும்பி வரும்.

"கடல்ல வச்சே போயிட்டா? கரைக்கு வர்ற மட்டும் ஏதாச்சும் வழி உண்டா?"

மூடி போல்ட் என்றால், கேன் தகட்டையோ வயரின் ஒரு இழையையோ ஓட்டைக்குள் விட்டு அதோடு போல்ட்டைத் திருகினால் கொஞ்ச நேரம் கவ்வும். பாதி ஆக்சிலேட்டரில், பீச்சுகிற தண்ணீரைக் கவனித்தபடி வாருங்கள். ஹெட் போல்ட் என்றால் முடிந்தவரை அணைத்துவிட்டு வேறு வள்ளத்தின் கயிற்றைப் பிடியுங்கள்.

வள்ளத்தில் எஞ்சினைப் பிடிக்கிற கிளாம்ப் மரை வழுக்கினால் அது வேறு விதமான அவசரம். எஞ்சினுக்கு எப்போதும் ஒரு தனிக் கயிறு வள்ளத்தோடு கட்டியிருக்க வேண்டும். கட்டாமல் போனவர்கள் எஞ்சினைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்ததை நான் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கேட்டிருக்கிறேன்.

"எவ்வளவுதான் இறுக்கணும்? இத்தனை வருஷம் கை கணக்குதானே?"

கை கணக்கு தப்பில்லை, எந்தக் கை என்பதுதான் கேள்வி. வலை இழுத்துப் பழகிய கைக்கு 6 மி.மீ. போல்ட் ஒரு தூசி. யமஹா பொதுக் கணக்கில் 6 மி.மீ.க்கு 8 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ.க்கு 18, 10 மி.மீ.க்கு 36. ஹெட்டுக்கும் கிராங்க் கேஸுக்கும் தனிக் கணக்கு, அந்த மாடலின் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். 8 நியூட்டன் மீட்டர் என்றால் சின்ன 10 ஸ்பானரின் நுனியில் ஏறக்குறைய 6 கிலோ அழுத்தம். ஒரு சாண் கூட இல்லாத ஸ்பானரில் இரண்டு விரலால் இழுப்பது. அதில் குழாய் செருகி நீட்டுகிறவர்களால்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

கிரீஸ் பூசிய மரை வழுக்கிப் போகும் என்பதால் அதே அளவு முறுக்குக்குப் போல்ட் கூடுதலாக இழுபடும். ஆகவே பூசினால் கொஞ்சம் குறைத்தே நிறுத்துங்கள். புதுப் பிளக்குக்கு, கையால் உட்கார்ந்த பிறகு அரைச் சுற்று முதல் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக. பழைய பிளக்கைத் திரும்ப மாட்டினால் ஒரு சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது கடிகாரத்தில் ஒரு மணி தூரம்தான்.

"இனிமே போகாம இருக்க என்ன செய்யணும்?"

கடல் அடிக்கும் மாதங்களில் எஞ்சின் சும்மாதானே கிடக்கிறது. அப்போது வருஷத்துக்கு ஒரு தடவை வெளிப்பக்கத்து போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, மெரைன் கிரீஸ் தடவித் திரும்ப மாட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றினால் எது எங்கே என்று குழம்பும், நீளம் மாறிப் போனால் அதுவே ஒரு ஓட்டையைக் கொல்லும். கியர் கேஸைத் தாங்கும் போல்ட்டுகளை விட்டுவிடாதீர்கள், தெரியாத இடத்தில் இருப்பதால் பத்து வருஷம் தொடாதவர்களும் உண்டு. ஹெட்டை மட்டும் இதற்காகத் திறக்க வேண்டாம்.

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஐந்து நிமிஷம் ஓட்டுங்கள். ஜிங்க் கட்டி பாதி கரைந்தால் மாற்றுங்கள், அதன் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் தேய்வதற்குத்தான் அதை அங்கே வைத்திருக்கிறார்கள். பெயின்ட் அடித்தால் அதற்கு வேலையே இல்லை. போன வாரம்கூட ஒருவர் பளபளவென்று நீலம் அடித்துக் கொண்டுவந்தார், ஜிங்க்கையும் சேர்த்து.